‘நம்ம ஆளுங்களா?’ என்று கேட்காதீர்கள்!

அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விடும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

ஒரு தொலைபேசி உரையாடல். பேசுகிற இருவரும் கற்பனை. பேச்சு கற்பனை இல்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் வீடு போக, இன்னொரு வீடும் வாங்கி வாடகைக்கு விடுகிற நம்மவர் ஒருவருக்கு அழைப்பு வருகிறது.

“வீடு காலியா இருக்குன்னு பார்த்தேன் சார்…”

“ஆமாங்க. தமிழா நீங்க? எந்த ஊரு?”

“மதுரைப் பக்கம் சார்.”

“அப்படியா, சந்தோஷம். எத்தனை பேர் இருப்பீங்க?”

“நான், வொய்ஃப், ரெண்டு பசங்க. அம்மாவும் கூட இருக்காங்க. வாக்கர் வெச்சுத்தான் நடப்பாங்க.”

“ஓ… பசங்க ரொம்பச் சின்னவங்களா? இப்பத்தான் புதுசா கார்ப்பெட் போட்டோம், அதான் கேட்கிறேன். பெட்ரூம் எல்லாம் மாடியில வேற இருக்கு, அம்மாவுக்குக் கஷ்டமாச்சே! நீங்க வெஜ்தானே? சரிங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்.”

ஒன்றரை நிமிடப் பேச்சு. கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. மாம்பலத்திலோ அண்ணா நகரிலோ இந்தக் கேள்விகளைக் கேட்காத வீட்டுக்காரரைப் பார்ப்பது அரிது. ஆனால், அமெரிக்காவில் இந்த ஒன்றரை நிமிடத்தில் பிறந்த நாடு, குழந்தைகள், உடல் இயலாமை, மதம் என நான்கு விஷயங்களை அவர் தொட்டுவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்தால், மதுரைக்காரர் ஒரு வருடத்துக்குள் மத்திய அரசிடம் புகார் கொடுக்கலாம். நேரடியாக நீதிமன்றம் போவதென்றால் இரண்டு வருட அவகாசம் உண்டு.

நியூஜெர்சியின் எடிசன் தொடங்கி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வரை இன்று எத்தனையோ தமிழர்கள் வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். ஐ.டி. வேலையில் சேர்த்த பணத்தை இரண்டாவது வீட்டில் போட்டவர்கள். வரி, காப்பீடு, கடன் வட்டி என எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால், வாடகைக்கு ஆள் பிடிக்கும்போது மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்த கேள்விகளையே கேட்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஒரு கொலைக்குப் பிறகு வந்த சட்டம்

இந்தச் சட்டத்தின் பின்கதையைத் தெரிந்துகொண்டால்தான் அமெரிக்கர்கள் இதை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பது புரியும். 1966-ல் மார்ட்டின் லூதர் கிங், சிகாகோவின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். கறுப்பர்களுக்கு நல்ல பகுதிகளில் வீடு கொடுக்க மறுப்பதை எதிர்த்து ஊர்வலம் போனார். அந்த ஆகஸ்ட்டில் மார்க்கெட் பார்க் பகுதியில் நடந்த ஊர்வலத்தில் பறந்து வந்த கல் ஒன்று அவர் தலையில் பட்டது.

வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் இழுத்தடிக்கப்பட்டது. அதற்காக முன்நின்று வாதாடியவர்களில் ஒருவர் எட்வர்ட் புரூக், மாசசூசெட்ஸிலிருந்து வந்த கறுப்பின செனட்டர். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டுவிட்டு ஊர் திரும்பிய தனக்கே, விரும்பிய இடத்தில் வீடு கிடைக்கவில்லை என்று அவர் அவையில் எடுத்துச் சொன்னார். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். ‘ஃபேர் ஹவுசிங் ஆக்ட்’ பிறந்தது.

முதலில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகிய நான்கைச் சட்டம் காத்தது. 1974-ல் பாலினம் சேர்ந்தது. 1988-ல் உடல் அல்லது மனநல இயலாமையும், 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வாழும் குடும்பங்களும் சேர்ந்தன. ஆக ஏழு. கர்ப்பிணிகளும் அந்தக் கடைசிப் பிரிவுக்குள் வருவார்கள். இவை மத்தியச் சட்டத்தின் கணக்கு. மாநிலங்கள் இன்னும் கூட்டிக்கொள்ளும். கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் திருமணமானவரா, ஆகாதவரா என்று பார்த்து வீடு மறுக்க முடியாது. நம்மூர் ‘பேச்சிலர்களுக்கு இல்லை’ அங்கே செல்லாது. அரசின் வாடகை உதவிச் சீட்டோடு வருபவரை ‘செக்‌ஷன் 8 வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவதும் இந்த இரண்டு மாநிலங்களிலும் சட்டவிரோதம். டெக்ஸாஸில் நிலைமை வேறு. எந்த மாநிலத்தில் வீடு வைத்திருக்கிறீர்களோ, அந்த மாநிலச் சட்டத்தைப் படித்தே ஆக வேண்டும்.

போனில் பேசுவது யார்?

மாறுவேடத்தில் வந்து சோதிப்பவர்கள் அரசர் கதைகளில் மட்டும் இல்லை. அமெரிக்க வாடகைச் சந்தையிலும் இருக்கிறார்கள். ‘டெஸ்டர்’ என்று பெயர். வீடு தேடுபவர்போல வந்து விசாரிப்பார்கள். வீடு அவர்களுக்கு வேண்டியதில்லை.

1978-ல் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகருக்கு அருகே நடந்த ஒரு சோதனை சட்ட வரலாற்றில் இடம்பிடித்தது. சில்வியா கோல்மன் என்ற கறுப்பினப் பெண், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு காலியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். கென்ட் வில்லிஸ் என்ற வெள்ளையர் அதையே கேட்டார். இருக்கிறது என்றார்கள். இருவரும் ஒரே அமைப்பு அனுப்பிய டெஸ்டர்கள். “வீடு எடுக்கும் எண்ணமே இல்லாதவருக்கு வழக்குப் போட என்ன உரிமை?” என்பதுதான் கேள்வி. 1982-ல் உச்ச நீதிமன்றம் கோல்மனுக்கு அந்த உரிமை உண்டு என்றது. வீடு இருக்கிறதா, இல்லையா என்ற உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. பொய் சொன்ன கணமே அந்த உரிமை பறிபோய்விட்டது என்பது தீர்ப்பின் சாரம்.

வீட்டுக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தீர்ப்பு இது. “வீடு போயிடுச்சுங்க” என்று மரியாதையாகச் சொல்லும் பொய், நம்மூரில் மனம் நோகாமல் கழற்றிவிடும் வழி. அங்கே அது சாட்சியம். வீடு காலியாக இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள், யார் கேட்டாலும்.

அதற்காக, அழைக்கும் ஒவ்வொருவரையும் டெஸ்டராக நினைத்து நடுங்க வேண்டாம். கேட்பவர் கறுப்பினத்தவரா, சீனரா, பாகிஸ்தானியரா, பட்டுக்கோட்டைக்காரரா என்பதைப் பொறுத்து உங்கள் பதில் மாறாத வரை, யார் டெஸ்டர் என்ற கவலையே எழாது.

அக்கறை என்ற பெயரில்

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் வீட்டுப் பாகுபாட்டுப் புகார்களில் பாதிக்கும் மேற்பட்டவை இனம் பற்றியவை அல்ல. உடல், மனநல இயலாமை பற்றியவை. இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். காரணம் எளிது. இங்கே மறுப்பவர்கள் தாங்கள் மறுப்பதாகவே நினைப்பதில்லை.

அந்த மதுரைக்காரரின் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். “மாடி ஏறக் கஷ்டமாச்சே” என்று வீட்டுக்காரர் சொன்னது வெறுப்பால் அல்ல. நம் பண்பாட்டில் அது பரிவு. ஆனால், அந்த அம்மா கீழே ஹாலில் படுத்துக்கொள்வாரா, மகன் கைப்பிடித்து ஏற்றிவிடுவாரா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. அதை வீட்டுக்காரர் எடுத்துவிட்டால், பரிவு என்ற பெயரில் கதவை அடைத்ததாகவே ஆகும். ஒருவருக்கு என்ன குறைபாடு, எவ்வளவு தீவிரம் என்று துருவிக் கேட்பதையே சட்டம் தடுக்கிறது. அவர்கள் வீட்டைப் பார்க்கட்டும். படிகள் எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கும் ஒரு படி மேலே போகிறது சட்டம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்த வேண்டும் என்று குடியிருப்பவர் கேட்டால், அவர் செலவில் பொருத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டும். காலி செய்யும்போது வீட்டின் உட்புறத்தை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், அது நியாயமாக இருந்தால். நடக்கச் சிரமப்படுபவர் வாசலுக்கு அருகே கார் நிறுத்த இடம் கேட்டால், ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்று கைவிரிக்கக் கூடாது. விதியைத் தளர்த்துவதால் வீட்டுக்காரருக்குப் பெரும் செலவோ நிர்வாகச் சீர்குலைவோ வராது என்றால், தளர்த்தத்தான் வேண்டும்.

நாய் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘நோ பெட்ஸ்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கண் தெரியாத ஒருவர் வழிகாட்டும் நாயோடு வருவார். அது செல்லப் பிராணிக் கணக்கில் வராது. அதற்கெனத் தனி டெபாசிட்டோ மாத வாடகையோ கேட்க முடியாது. வீட்டுக்குச் சேதம் செய்தால், மற்றவர்களிடம் வாங்குவதுபோலச் சேதத்துக்கு மட்டும் வாங்கலாம். “எங்க வீட்ல பூஜை ரூம் இருக்கு, நாய் வரக் கூடாது” என்பதும் சட்டத்தின் முன் நிற்காது.

குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். புது கார்ப்பெட், பின்னால் நீச்சல் குளம், பக்கத்தில் பெரிய சாலை… எந்தக் காரணம் சொன்னாலும் ‘சின்னக் குழந்தைகள் வேண்டாம்’ என்பது பாகுபாடுதான். முதியோர் குடியிருப்பு என்று சட்டப்படி தகுதிபெற்ற இடங்களுக்கு விலக்கு உண்டு. எத்தனை பேர் தங்குவார்கள் என்று கேட்கலாம், உச்சவரம்பும் வைக்கலாம். ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பது பொதுவாக நியாயமான அளவு என்று 1998-ல் மத்திய வீட்டுவசதித் துறை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அது கல்லில் செதுக்கிய விதி அல்ல. அறையின் அளவு, குழந்தையின் வயது எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். கைக்குழந்தையை ஓர் ஆளாக எண்ணி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால், பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சைவமும் சாதியும்

வாட்ஸ்அப் குழுக்களில் சர்வசாதாரணமாகச் சுற்றிவரும் வரி: ‘இந்தியன் வெஜிடேரியன் ஃபேமிலி ப்ரிஃபர்டு.’ சைவ உணவுப் பழக்கம் என்பது சட்டம் காக்கும் ஏழில் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால், ‘இந்தியன்’ என்ற சொல் பிறந்த நாட்டைக் குறிக்கிறது. அந்த ஒரு சொல்லே விதிமீறல். ‘வெஜிடேரியன்’ என்பதை யாரை வடிகட்டப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வி அடுத்து வரும். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தலித்துகளும் வராமல் தடுக்கும் சல்லடை அது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல நடிக்க வேண்டாம்.

சாதி அமெரிக்கச் சட்டத்துக்குப் புரியாது என்று நினைப்பவர்கள் சியாட்டிலைப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் அந்த நகர மன்றம், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் இதைச் செய்த முதல் நகரம் அது. வேலை மட்டுமல்ல, வீடும் அந்தத் தடைக்குள் வருகிறது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவும் பின்தொடர்ந்தது. கலிஃபோர்னியா மாநில அளவிலான மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். ஆனால், அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: சாதிப் பாகுபாடு இருக்கிற சட்டங்களின்படியே தடைசெய்யப்பட்டதுதான், புதிய சட்டம் தேவையில்லை என்றார். மசோதா தோற்றதாகக் கொண்டாடியவர்கள் அந்த வரியைப் படிக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். சொந்த வீட்டிலேயே ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவது வேறு, தனி வீட்டை வாடகைக்கு விடுவது வேறு. கூடவே சமைத்து, கூடவே வாழும் ரூம்மேட்டைத் தேர்ந்தெடுப்பதில் மத்தியச் சட்டம் தலையிடாது என்று 2012-ல் மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடத்தில் உரிமையாளரும் ஒரு பகுதியில் குடியிருந்தால் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 1960-களின் விவாதங்களில் அடிபட்ட, தன் வீட்டிலேயே ஆட்களைத் தங்கவைத்துப் பிழைக்கும் ‘மிஸஸ் மர்ஃபி’ என்ற கற்பனைப் பெண்மணியின் பெயரால் இந்த விலக்கை அழைக்கிறார்கள். இதை நம்பி இறங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: விளம்பரத்துக்கு இந்த விலக்கு கிடையாது. எழுத்திலோ பேச்சிலோ ‘இன்னார் வேண்டும், இன்னார் வேண்டாம்’ என்று சொன்னால் மிஸஸ் மர்ஃபியும் மாட்டிக்கொள்வார். இனம் என்று வந்தால் எந்த விலக்குமே இல்லை. 1866-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்காகவே காத்திருக்கிறது.

எழுதி வையுங்கள்

சரி, வீட்டுக்காரருக்கு யாரையும் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லையா? தாராளமாக இருக்கிறது. வாடகை ஒழுங்காக வருமா, வீட்டை நன்றாக வைத்துக்கொள்வாரா என்று பார்ப்பது அவரது நியாயமான உரிமை. மாத வருமானம் வாடகையைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், கேட்கலாம். கிரெடிட் ஸ்கோர் பார்க்கலாம். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரிக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: விளம்பரம் போடுவதற்கு முன்பே இவற்றைத் தாளில் எழுதிவிட வேண்டும். கேட்கிற எல்லோருக்கும் அதே தாள், அதே விண்ணப்பம், அதே கட்டணம். தகுதியோடு முதலில் வந்தவருக்கு வீடு.

இங்கேதான் நம்மவர்கள் அறியாமல் தவறுகிறார்கள். சென்னையிலிருந்து போன மாதம் வந்த பையனுக்கு அமெரிக்காவில் கிரெடிட் ஸ்கோரே இருக்காது. “பாவம், நம்ம பையன்” என்று விதியைத் தளர்த்தி வீடு கொடுப்பார்கள். முந்தைய வாரம் ஸ்கோர் குறைவு என்று ஒரு கறுப்பினத்தவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விசாரணை அதிகாரிக்கு என்ன தோன்றும்? அந்தப் பையனுக்கு உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவியை விதியாகவே எழுதிவிடுங்கள்: கிரெடிட் வரலாறே இல்லாத யாராக இருந்தாலும், வேலை நியமனக் கடிதமும் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு டெபாசிட்டும் கொடுத்தால் ஏற்கப்படும் என்று. அப்போது அந்தக் கதவு சென்னைப் பையனுக்கும் திறக்கும், நைஜீரியாவிலிருந்து வந்த மாணவிக்கும் திறக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அழைத்தார், என்ன சொன்னீர்கள், விண்ணப்பம் எப்போது வந்தது, மறுத்தால் தாளில் உள்ள எந்த நிபந்தனைக்காக மறுத்தீர்கள். மளிகைக்கடைப் பற்று வரவு நோட்டு மாதிரி இருந்தாலே போதும். கிரெடிட் அறிக்கையைப் பார்த்து மறுத்தால், அதை விண்ணப்பித்தவருக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது.

வீட்டை ஏஜென்ட்டிடமோ ப்ராப்பர்ட்டி மேனேஜரிடமோ விட்டுவிட்டால் பொறுப்பு கழிந்தது என்று எண்ண வேண்டாம். உங்கள் சார்பில் அவர் பேசிய பேச்சுக்கு நீங்களும் பொறுப்பு. “நம்ம ஆளா பாருங்க” என்று அவரிடம் ரகசியமாகச் சொல்வது அதைவிட மோசம். அவர் அதை நாளை சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டிவரும்.

எல்லாம் மீறிப் புகார் வந்துவிட்டால்? அறிவிப்பு கைக்கு வந்த பத்து நாளில் பதில் கொடுக்க வேண்டும். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். ஒரு மின்னஞ்சலைக்கூட அழிக்காதீர்கள். புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டுத் திட்டுவது, வாடகையை ஏற்றுவது, காலி செய்யச் சொல்வது எல்லாம் தனிக் குற்றங்கள். முதல் புகார் நிற்காமல் போனாலும் இவை நிற்கும். சமரசத்துக்கு அரசே வழி செய்கிறது. பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. முடியாமல் போய், குற்றம் உறுதியானால், முதல் முறைக்கே 25,000 டாலருக்கு மேல் அபராதம் விதிக்க முடியும். பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் தனி.

பணத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகள் வைத்திருந்த ஒருவர், வெள்ளையரல்லாதவர்களுக்கு வீடு கொடுக்காதே என்று தன் ஏஜென்ட்டுக்கு எழுதினார். காரணம், அவர்கள் காலி செய்த பிறகும் குழம்பு வாசனை போகவில்லையாம். 2017-ல் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்துத் தடை போட்டது. அந்தச் செய்தி வந்தபோது நம்மில் எத்தனை பேருக்கு ரத்தம் கொதித்தது! அவர் மூக்கைப் பிடித்தது நம் வீட்டுச் சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டில் வீடு மறுக்கப்பட்டவர் படியேற இதற்கென்றே ஓர் அலுவலகம் இல்லை. 2017-ல் நிறைவேறி 2019-ல் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தையும் மூன்று மாத அட்வான்ஸையும் பற்றிப் பேசுகிறது. பெயரைக் கேட்டதும், சாதியைக் கேட்டதும் கதவு மூடப்பட்டால் என்ன செய்வது என்று பேசவில்லை. தனியார் வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் மத்தியிலும் இல்லை. அந்த வலியோடு வீடு வீடாக அலைந்தவர்களின் பிள்ளைகளும் இன்று டெக்ஸாஸிலும் நியூஜெர்சியிலும் வீடு தேடுகிறார்கள். அங்கும் நம்மவர் ஒருவரே அதே கேள்வியோடு வாசலில் நிற்கக் கூடாது.

வாடகைக்கு வீடு வைத்திருக்கும் அன்பர்களே, இன்றிரவே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட விளம்பரத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை அறை, எவ்வளவு வாடகை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என வீட்டைப் பற்றி எழுதியதெல்லாம் இருக்கட்டும். குடிவருபவர் யாராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.